தகரக் கூரை, மேற்கு வெயில்: ஏசி போடாமல் சமாளிக்க என்ன வழி?

பசறை_ரோடு

எல்லோருக்கும் வணக்கம். வீடு பதுளைப் பக்கம், 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி. ரெண்டு காம்பரா, ஒரு ஹோல், குசினி. கூரை அமானோ சீட், கரும்பச்சைக் கலர். ஹோலுக்கு மட்டும் சிலிங் அடிச்சிருக்கு. காம்பராவில் படுத்து அண்ணாந்து பார்த்தால் தகரம்தான். ரெண்டு காம்பரா ஜன்னலும் மேற்குப் பார்த்தது. ஹோல் கதவும் ஒரு ஜன்னலும் கிழக்கில். பின்னேரம் 3 மணிக்கு மேல் உள்ளே நிற்க ஏலாது. ராத்திரி 10 மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடுது, ஆனால் வெளியே இஸ்தோப்பில் உட்கார்ந்தால் குளிர்ந்த காத்து.

கரண்ட் பில் வழக்கமா 58 யூனிட் போல வரும். வெயில் மாசத்தில் 95. கூடுதலா ஓடுறது ரெண்டு சீலிங் ஃபேன் மட்டும்தான், ஒவ்வொன்றும் நாளைக்கு 8 மணித்தியாலம். அது தவிர ஃபிரிட்ஜ், ரைஸ் குக்கர், டிவி, குளிக்கிற இடத்தில் ஒரு ஹீட்டர்.

இப்போ ஒருத்தர் 9000 பிடியூ ஏசி போடச் சொல்றார். இன்னொருத்தர் ஏர் கூலர் என்கிறார். மேசன் பாஸ் கூரைக்குச் சுண்ணாம்பு அடிச்சால் போதும் என்கிறார். கையில் இருக்கிற காசு இதில் ஏதாவது ஒன்றுக்குத்தான் காணும். எதை முதலில் செய்யலாம்?

கூரைவேலை

சுண்ணாம்பை மட்டும் அடிச்சிடாதீங்க. அமானோ மாதிரிச் சீட்டில் இரும்புக்கு மேலே இருப்பது துத்தநாகமும் அலுமினியமும் கலந்த பூச்சு. சுண்ணாம்பு நனைந்தால் கடுமையான காரம். கலர் கீறுப்பட்ட இடம், சீட் வெட்டின ஓரம், ஆணித் துளை, இங்கெல்லாம் இறங்கி அந்தப் பூச்சைத் தின்னும். முதல் பெருமழைக்கே பாதி கழுவுண்டு பீலியில் போய்ப் படியும்; தகரப் பீலியாக இருந்தால் அதுவும் சேர்ந்து அரிக்கும். சுண்ணாம்பு கொங்கிரீட் சிலாப்புக்கும் ஓட்டுக்கும் உரியது, தகரத்துக்கு இல்லை.

ஆனால் பாஸ் காட்டின திசை சரி. காசு முதலில் கூரைக்குத்தான் போகணும். நம்ம நாட்டுக்கு நேர் மேலே சூரியன் நிற்பது ஏப்ரல் 5 தொடங்கி 15 வரைக்கும், பிறகு ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் முதல் வாரமும். அந்த நாட்களில் நடுப்பகல் வெயில் சுவரில் படுவதே இல்லை, மொத்தமும் கூரையில்தான் இறங்கும். கரும்பச்சைத் தகரம் 60 பாகையைத் தாண்டிக் கொதிக்கும். சிலிங் இல்லாத காம்பராவில் அந்தச் சூடு காத்தைச் சூடாக்கித்தான் உங்களிடம் வரணும் என்றில்லை; தணல் அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி நேரே உடம்பில் அடிக்கும். ஃபேன் எவ்வளவு சுத்தினாலும் அடங்காததுக்குக் காரணம் அதுதான்.

ரெண்டு வழி இருக்கு. ஒன்று, மேலே வெள்ளை. கூரைக்கென்றே விற்கிற, ரப்பர் மாதிரி நீளும் வெள்ளைப் பெயின்ட் வாங்கணும். சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் தகரம் விரிந்து சுருங்கும்போது வெடித்து உரிஞ்சிடும். அளவு இப்படி வரும்: 550 சதுர அடி வீட்டுக்குத் தாழ்வாரமும் சரிவும் சேர்த்துக் கூரை ஏறக்குறைய 700 சதுர அடி, அதாவது 65 சதுர மீட்டர். சீட்டில் மடிப்பு இருப்பதால் இன்னும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து கூடும், 73 போல வையுங்க. வாளியில் ஒரு லீட்டருக்கு எத்தனை சதுர மீட்டர் என்று போட்டிருக்கும். 4 என்று போட்டிருந்தால் ரெண்டு கோட்டுக்கு 36, 37 லீட்டர் வேணும், 20 லீட்டர் வாளி ரெண்டு. இவ்வளவுக்குக் காசு இல்லை என்றால் காம்பராக்களுக்கு மேலே வருகிற மேற்குச் சரிவை மட்டும் முதலில் அடிங்க. மிச்சம் வைக்கலாம் என்று மொத்தக் கூரைக்கும் ஒரே கோட் இழுத்தால் அது சும்மா கண்ணுக்கு வெள்ளை. கீழே இருக்கிற பச்சை வெயிலைக் குடிச்சுக்கிட்டேதான் இருக்கும்.

அடிக்கிற விதத்தில்தான் பலர் கோட்டை விடுறாங்க. நம்ம பக்கத்தில் ஐப்பசி மழை தொடங்கித் தை வரைக்கும் கூரையில் பாசி பிடிக்கும். அதைத் தேய்த்துக் கழுவாமல் மேலே பெயின்ட் போட்டால் பாசியோடு சேர்ந்து உரிஞ்சு வரும். நைலோன் பிரஷ், சவர்க்காரத் தண்ணி, பிறகு வெறும் தண்ணி, ஒரு நாள் முழுக்கக் காய விடணும். கலர் சீட் பளபளப்பாக இருந்தால் மெல்லிய அரத்தாளால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பை எடுங்க. துரு தெரிகிற இடத்துக்குக் கம்பி பிரஷ், அதுக்கு மேல் துருவுக்கான பிரைமர். காலையில் சீட்டில் பனி ஈரம் இருக்கும். அது காய்ந்த பிறகு 8 மணி போல் தொடங்கி 10.30க்குள் முடிச்சிடுங்க. தகரம் கொதிக்கிற நேரத்தில் அடிச்சால் மேல்தோல் மட்டும் காய்ந்து கொப்புளம் கட்டும். பங்குனி நடுவிலிருந்து பின்னேரம் இடியோடு மழை வர ஆரம்பிக்கும், அதுக்கு முன்னால் வேலையை முடிக்கணும். ரெண்டாவது கோட் மறுநாள், முதல் கோட்டுக்குக் குறுக்காக. வருஷத்துக்கு ஒருமுறை கழுவுங்க. பாசியும் தூசியும் படிஞ்ச வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பாது.

கூரைத் தண்ணியைக் குடிக்கப் பிடிக்கிறவங்க பெயின்ட் முழுசாகக் காய்ந்து, முதல் ரெண்டு மூன்று மழைத் தண்ணியை வெளியே விட்ட பிறகு டேங்கில் சேருங்க.

மற்ற வழி உள்ளே ஃபாயில், அதாவது பளபளப்பான அலுமினியத் தாள். அதைத் தனியாகச் சொல்லணும், கொஞ்சம் நுணுக்கம் இருக்கு.

வயர்மேன்_ஹட்டன்

பில் கணக்கைப் பார்த்துடலாம். 75 வாட் ஃபேன் ரெண்டு, 8 மணித்தியாலம், 30 நாள்: 36 யூனிட். 58ம் 36ம் 94. உங்க 95 அப்படியே பொருந்துது, மீட்டரில் பிழை இல்லை.

எங்கே அடிபடுறீங்க என்றால் படிகளில். வீட்டுக் கட்டணத்தில் 60 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 30க்கு ஒரு விலை, அடுத்த 30க்கு ஒரு விலை, ரெண்டும் மலிவு. 61ஆவது யூனிட் விழுந்த உடனே அந்த மலிவு முழுசாகப் போய், முதல் 60க்கும் வேறு, கூடின விலை. பிறகு 90, 120, 180 என்று படி. ஒவ்வொரு படியிலும் யூனிட் விலையும் மாதாந்த நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். நீங்க வெறும் 5 யூனிட்டால் 90ஐத் தாண்டி அடுத்த படியின் நிலையான கட்டணத்தைக் கட்டுறீங்க. ரூபாய்க் கணக்கு அடிக்கடி மாறுது, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அறிவிக்கிற கடைசி விலையைப் பாருங்க. படியின் எல்லை பில்லில் இருக்கிற நாள் கணக்குக்கு ஏற்ப விரியும். 33 நாள் பில் என்றால் 60 என்பது 66 ஆகும். மீட்டர் பார்க்க பிந்தி வந்தால் பதற வேண்டாம்.

இதைக் குறைக்க ரெண்டு வேலை. பழைய ரெண்டு ஃபேனையும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேனாக மாத்தினால் ஒவ்வொன்றும் 30 வாட் போலத்தான் இழுக்கும். 36 யூனிட் 14.4 ஆகும், 21.6 மிச்சம். அடுத்தது ஹீட்டர். 3 கிலோவாட் ஹீட்டர் 10 நிமிஷம் ஓடினால் அரை யூனிட், மாசத்துக்கு 15. பதுளை வெயிலில் சுடுதண்ணிக் குளியல் யாருக்கு வேணும்? அதை மெயின் சுவிட்சிலேயே அணைத்து வையுங்க. 95இல் இருந்து 21.6, பிறகு 15. மிச்சம் 58.4. வெயில் மாசத்திலும் 60க்குள்.

பிஎல்டிசி வாங்குறவங்க கவனிக்க வேண்டியது: சுவரில் இருக்கிற பழைய ரெகுலேட்டரை எடுத்துட்டு நேரே சுவிட்சில் கொடுக்கணும். ரெகுலேட்டர் வழியாக ஓட்டினால் ஃபேனுக்குள்ளே இருக்கிற எலக்ட்ரோனிக் போர்ட் எரியலாம். சித்திரை இடி மின்னலுக்கும் அந்த போர்ட்தான் முதலில் போகும். பின்னேரம் இடி கேட்டால் ரிமோட்டில் இல்லை, சுவர் சுவிட்சில் அணையுங்க. கரண்ட் போய்ப் போய் வருகிற லைனில் இருப்பவங்க மெயின் போர்டில் சர்ஜ் (திடீரென்று ஏறுகிற கரண்ட்) பாதுகாப்பு ஒன்று போடுவது நல்லது. அதுக்கு எர்த் சரியாக இருக்கணும், எர்த் இல்லாத வீட்டில் அது சும்மா தொங்குற பெட்டிதான்.

புது ஃபேனுக்கு இப்போ காசில்லை என்றால் பழசைப் பாருங்க. சீலிங் ஃபேன் முன்னைப் போல சுத்தலை என்றால் பத்துக்கு எட்டுக் கப்பாசிட்டர்தான். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபரட், பழசில் என்ன எழுதியிருக்கோ அதே அளவு வாங்குங்க. வேகம் வரட்டும் என்று பெரிய அளவு போட்டால் சுருள் சூடாகி எரியும். தகட்டில் படிஞ்ச தூசியைத் துடைக்கிறதும் காத்தைக் கூட்டும். பெட்டி மாதிரிப் பெரிசாக இருக்கிற பழைய சுருள் ரெகுலேட்டர் இருந்தால் கழட்டி எறியுங்க. ஃபேன் மெதுவாகச் சுத்தும்போது மிச்சக் கரண்டை அது சூடாக்கி வீணாக்கும்.

ஏசி பற்றி: இன்வேர்ட்டர் 9000 பிடியூ, நல்லா மூடின, சிலிங் உள்ள 10க்கு 12 அறையில் ராத்திரி 8 மணித்தியாலத்துக்கு 3 முதல் 4 யூனிட். மாசத்துக்கு நூறைச் சுற்றி வரும், 121க்கு மேற்பட்ட படியில் போய் நிற்பீங்க. உங்க காம்பராவில் சிலிங்கே இல்லை. கம்ப்ரஸர் ஓய்வே எடுக்காமல் முழு வேகத்தில் ஓடும், இன்வேர்ட்டருக்குக் கொடுத்த காசுக்குப் பலன் இல்லை. எப்போதாவது போட்டாலும் ஃபேன் பிளக்கில் செருகக் கூடாது, மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன், தனி எம்சிபி (லோட் கூடினால் தானாக விழுகிற சுவிட்ச்), ட்ரிப் சுவிட்சுக்குக் கீழே.

ஊவா_காத்து

பசறை ரோடு அண்ணே, உங்க கேள்வியிலேயே பதில் இருக்கு: வெளியே குளிர்ந்த காத்து, உள்ளே சுடுற சுவர். கொழும்புக்காரங்களுக்கு ராத்திரியும் வேர்க்கும். அவங்க ஏசி தேடுறதில் நியாயம் இருக்கு. நமக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போன உடனே வெளியே இறங்கிடும். அந்தக் காத்தை உள்ளே இழுத்துச் சுவரையும் தரையையும் குளிர வைச்சால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் அது தாங்கும்.

காலை 8.30, 9 மணிக்கு வெளியே சூடு ஏற ஆரம்பிக்கும்போது ஜன்னல், கதவு எல்லாம் மூடி, திரையும் இழுத்து விடுங்க. பகலில் திறந்து வைத்தால் காத்து வரும் என்று நினைப்பது சரிதான், ஆனால் வருவது சூடு காத்து. பின்னேரம் வெளியே உள்ளேயை விடக் குளிர்ந்ததும் எல்லாத்தையும் திறங்க. அதோடு ஒரு 16 அங்குல மேசை ஃபேனை மேற்குக் காம்பரா ஜன்னலில், வெளியே பார்த்து வையுங்க. காத்தை உள்ளே ஊத வேண்டாம், வெளியே தள்ளணும். கிழக்கு ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காத்து தானாக உள்ளே வரும். ஃபேனைச் சுற்றி இருக்கிற இடைவெளியை அட்டையால் அடைக்கணும், இல்லாவிட்டால் தள்ளின காத்தே ஓரத்தால் திரும்பி உள்ளே வந்து வட்டம் அடிக்கும். கிழக்கு ஜன்னலில் ஒரு ஊதுபத்தி பிடிச்சுப் பாருங்க, புகை உள்ளே சாய்ந்தால் வேலை நடக்குது. 7 மணியிலிருந்து 10 மணி வரைக்கும் ஓடினால் போதும். ஜன்னலுக்கு நுளம்பு வலை கட்டாயம். அது காத்தையும் கொஞ்சம் பிடிக்கும் என்பதால் மாசம் ஒருமுறை கழுவுங்க.

ஒரு எச்சரிக்கை. குசினியில் விறகு அடுப்பு எரியும்போது இந்த ஃபேனைப் போடாதீங்க. வீட்டுக் காத்தை வெளியே தள்ளும்போது புகைக்கூண்டு வழியாகப் போகிற புகையையும் அது பின்னுக்கு இழுத்து வீட்டுக்குள் கொண்டு வரும். சமையல் முடிஞ்சு தணல் அவிஞ்ச பிறகு, குசினிக் கதவை மூடிட்டுப் போடுங்க.

மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டுப் பயன் குறைவு. வெயில் கண்ணாடி தாண்டி உள்ளே வந்த பிறகு திரை என்ன செய்யும்? வெளியே மறைக்கணும். வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக்குப் போடுற பச்சை நெட், 70 வீதம் நிழல் தருகிறது என்று கேட்டு வாங்கி, சுவரிலிருந்து ஒன்று ஒன்றரை அடி தள்ளித் தொங்க விடுங்க. சுவரோடு ஒட்டினால் நெட்டின் சூடு சுவருக்குப் போகும். கீழ் ஓரத்தை இறுக்கிக் கட்டணும். ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் நம்ம பக்கம் கச்சான் காத்து அடிக்கும்போது தளர்ந்த நெட் ஒரே வாரத்தில் கிழியும். அந்த மாசங்களில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், அதனால் வடக்கு ஜன்னல் இருக்கிறவங்க அதையும் மறைக்கணும்.

சௌசௌ, பெஷன் ஃப்ரூட் கொடி விடுறது இன்னும் அழகு, காயும் கிடைக்கும். ஆனால் பந்தலில் விடுங்க, தகரத்து மேல் படர விடாதீங்க. கொடிக்குக் கீழே இலை தங்கி ஈரம் காயாமல் சீட் துருப்பிடிக்கும், பீலி அடைக்கும்.

ஏர் கூலர்: ஆடி, ஆவணி வறண்ட காத்தில் பதுளையில் அது வேலை செய்யும். சித்திரையில் பின்னேர மழை பெய்ஞ்சு காத்து ஈரமான பிறகு வெறும் ஃபேன்தான், அறை புழுக்கமாகி அதை விட மோசம். ஜன்னல் ஒன்றைத் திறந்து வைத்துத்தான் ஓட்டணும். கடைக்காரர் ஐஸ் போடச் சொல்வார், நம்பாதீங்க. ஒரு லீட்டர் தண்ணி ஆவியாகும்போது 0.67 யூனிட் அளவு சூட்டை இழுக்கும். ஒரு கிலோ ஐஸ் உருகினால் 0.09தான். அந்த ஐஸைச் செய்ய ஃபிரிட்ஜ் குசினியில் விட்ட சூடு வேறு. வறட்சியில் குழாய்த் தண்ணி ஒன்றுவிட்ட நாள் வருகிற இடங்களில் இதை யோசிக்கவே வேண்டாம்.

லிந்துலை_அக்கா

பார்த்துப் படிங்க எல்லோரும். இதெல்லாம் பதுளை, பசறை, மாத்தளை, கண்டி மாதிரி இடங்களுக்கு. நுவரெலியா, தலவாக்கலை, லிந்துலைப் பக்கம் கூரைக்கு வெள்ளை அடிச்சால் மார்கழி, தையில் போர்வை ரெண்டு வேணும். எங்களுக்கு நாலு வாரம் வெயில், மிச்ச மாசமெல்லாம் குளிர். ஃபாயில், சிலிங் ரெண்டும் ரெண்டு காலத்துக்கும் உதவும், வெள்ளை ஒரு காலத்துக்குத்தான்.

தோட்டத்து_தம்பி

நல்ல தகவல்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்கிறவங்களுக்கு என்ன செய்யலாம்? முதுகோடு முதுகு ஒட்டின லயம், பின்சுவர் அடுத்த வீட்டுக்காரருடையது. ஒரு கதவு, ஒரு ஜன்னல், ரெண்டும் முன்பக்கம். பழைய துருத் தகரம், சிலிங் இல்லை. கூரை ரொம்பப் பதிவு, சீலிங் ஃபேன் போட்டால் தலையில் இடிக்கும். ரெஜிஃபோம் (வெள்ளை நுரை) சீட் அடிக்கலாமா?

கூரைவேலை

தம்பி, ரெஜிஃபோம் வேண்டவே வேண்டாம். தீப்பிடிச்சால் எரிஞ்சு சொட்டுச் சொட்டாக ஒழுகும், கறுத்த நச்சுப் புகை விடும். லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே எத்தனை குடும்பம், ஒவ்வொன்றிலும் விறகு அடுப்பு. பழைய சேலை, சாக்கு கட்டிச் சிலிங் மாதிரி விடுறதும் அதே ஆபத்து.

பின்சுவர் அடைச்ச வீட்டில் காத்து குறுக்கே போக வழியில்லை. சூடு காத்து வெளியேற ஒரே பாதை மேலே, முகட்டில். முகட்டுத் தகரத்தை மூன்று, நாலு அங்குலம் தூக்கி, கீழே கம்பி வலை அடிச்சு, மேலே அகலமான முகட்டு மூடி போட்டால் கூரைக்குக் கீழே நிற்கிற சூடு காத்து ஏறி ஓடும். ஆனால் அது லயம் முழுக்கச் சம்பந்தப்பட்ட வேலை. தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரங்களும் சம்மதிச்ச பிறகுதான் தொடணும். ஒருத்தர் மட்டும் தூக்கினால் ஆடிக் காத்து அந்த வாயால் புகுந்து சீட்டைப் பிய்க்கும், மழை அடுத்த வீட்டில் ஒழுகும்.

தனியாகச் செய்யக் கூடியது வெள்ளைதான். உங்க பங்குக் கூரை 200 சதுர அடி போல வரும்; மடிப்பும் சேர்த்து 21 சதுர மீட்டர், ரெண்டு கோட்டுக்கு 10 லீட்டர் கிட்ட. பழைய துருத் தகரத்துக்குத் தயாரிப்பு கூட வேணும்: கம்பி பிரஷால் உதிரும் துருவை எடுத்து, துணியால் துடைச்சு, ரெட் ஒக்சைட் பிரைமர் ஒரு கோட், அதுக்கு மேல் வெள்ளை. சீட்டுக்கு நடுவில் காலை வைக்காதீங்க. ஆணி வரிசை எங்கே இருக்கோ அங்கேதான் கீழே மரம் இருக்கு, அதுக்குக் குறுக்கே பலகை போட்டு அதில் உட்கார்ந்து அடிங்க. பழைய அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் கம்பி பிரஷே கூடாது, காய்ந்த நிலையில் தேய்க்கவும் கூடாது. அதிலிருந்து வருகிற தூள் நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, மெல்லிய பிரஷால் பாசியை மட்டும் எடுத்து, காய விட்டுப் பெயின்ட். அஸ்பெஸ்டஸ் மேல் பலகை இல்லாமல் ஏறினால் உடைஞ்சு உள்ளே விழுவீங்க.

ஃபேன் விஷயம்: தகட்டுக்கும் தரைக்கும் இடையே குறைஞ்சது 7 அடி வேணும். அது இல்லாத இடத்தில் ஸ்டாண்ட் ஃபேன் அல்லது சுவர் ஃபேன். அதில் ஒரு லாபமும் இருக்கு: சிலிங் இல்லாத அறையில் சீலிங் ஃபேன் பகலில் தகரத்துக்குக் கீழே தங்கின சூடு காத்தை அள்ளித் தலையில் ஊத்தும். ஸ்டாண்ட் ஃபேன் தரையோரக் காத்தை எடுக்கும். பசறை ரோடு அண்ணனும் சிலிங் அடிக்கிற வரைக்கும் பகலில் சீலிங் ஃபேனை விட்டு ஸ்டாண்ட் ஃபேனைப் பாவிக்கலாம்.

முன்பக்க ஜன்னலும் கதவும் மேற்கு என்றால் இஸ்தோப்புக்கு முன்னால் நெட். அதுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பசறை_ரோடு

எல்லோருக்கும் நன்றி. ஏசி யோசனையை விட்டாச்சு. ஹீட்டர் சுவிட்சை இன்றே அணைச்சாச்சு, நெட்டும் வாங்கப் போறேன். ஃபாயில் பற்றி கூரைவேலை அண்ணே தனியாகச் சொல்றதாகச் சொன்னீங்க. பளபளப்பு மேலே வரணுமா, கீழே வரணுமா? தகரத்தோடு ஒட்டி அடிக்கலாமா? இன்னொன்று, பனிக்காலத்தில் விடியற்காலை தகரம் வேர்த்து உள்ளே சொட்டுது, ஃபாயில் அடிச்சால் அது எங்கே போகும்?

கூரைவேலை

தகரத்தோடு ஒட்டினால் ஃபாயில் வெறும் தகரம்தான். அலுமினியம் தொட்டதுக்குச் சூட்டை நல்லா கடத்தும். அதன் வேலை எல்லாம் காத்து இடைவெளி இருக்கும்போதுதான். பளபளப்பான முகத்துக்கு முன்னால் குறைஞ்சது ஒரு அங்குலம் காத்து இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் பளபளக்கிற ஃபாயில் என்றால் அதைக் கீழே, அறையைப் பார்த்து வையுங்க. மேலே வைச்சால் ரெண்டு வருஷத்தில் தூசி மூடிப் பளபளப்பு செத்துடும். கீழ்ப்பக்கத்தில் தூசி தங்காது. ரெண்டு பக்கமும் பளபளக்கிறது கிடைச்சால் அதுதான் முதல் தெரிவு.

தகரத்தைத் தாங்குற குறுக்கு மரத்துக்குக் கீழே, சரிவாக இறங்குற பெரிய மரங்களின் அடிப்பக்கத்தில் அடிங்க. அப்போ தகரத்துக்கும் ஃபாயிலுக்கும் இடையே மரத்தின் தடிப்பு அளவுக்கு இடைவெளி தானாகக் கிடைக்கும். 4 அடி அகல ரோலில் 4 அங்குலம் ஒன்றன் மேல் ஒன்று ஏறணும் என்பதால் ஒரு பட்டி 3 அடி 8 அங்குலம்தான் மூடும். 12 அடி அகலக் காம்பராவுக்கு 4 பட்டி வேணும். ஸ்டேப்பிள் அரை அடிக்கு ஒன்று, மூட்டுகளில் அலுமினிய டேப். சும்மா பிளாஸ்டிக் டேப் ஒட்டினால் கூரைச் சூட்டில் பசை உருகித் தொங்கும்.

வேர்வைக்கு வருவோம். தெளிந்த இரவில் தகரம் வானத்துக்குச் சூட்டை விட்டு வெளிக் காத்தை விடவும் குளிர்ந்து போகும். உங்க மூச்சும் சமையல் ஆவியும் மேலே போய் அதில் பட்டுத் தண்ணியாகும். ஃபாயில் அடிச்சால் அந்த ஆவி தகரத்துக்குப் போவது பெரும்பாலும் தடைப்படும். அப்படியும் கொஞ்சம் தண்ணி ஃபாயிலுக்கு மேலே விழும், அது சரிவில் ஓடித் தாழ்வாரத்தில் வெளியேறணும். அதனால் மேல் பட்டி எப்பவும் கீழ்ப் பட்டிக்கு மேலே ஏறி இருக்கணும், ஓடு வேய்கிற முறை. கீழ் ஓரத்தைச் சுவரோடு அடைக்காதீங்க, சுவரைத் தாண்டி அரை அடி வெளியே விடுங்க. முகட்டில் ரெண்டு பக்க ஃபாயிலும் சேராமல் 2 அங்குலம் திறந்து இருக்கணும், இடையில் தேங்குற சூடு காத்து அந்த வழியாக முகட்டுக்கும், கூம்புச் சுவர் (முகட்டுக்குக் கீழே முக்கோணமாக நிற்கிற சுவர்) துளைக்கும் போகும். துளை இல்லை என்றால் ரெண்டு கூம்பிலும் ஒன்றரை அடிக்கு ஒரு அடி அளவில் சாய்ந்த பலகை வைத்த ஜன்னல் ஒன்று. அதுக்குக் கால் அங்குலத்தை விடச் சின்னக் கண்ணுள்ள வலை கட்டாயம் அடிங்க. பெரிய கண் என்றால் குளவி உள்ளே போய்க் கூடு கட்டிடும், எலியை விட அதுதான் நம்ம பக்கத்தில் பெரிய தலைவலி.

குசினிப் பகுதியில் புகைக்கூண்டைச் சுற்றி 3 அடிக்கு ஃபாயில் வேண்டாம். அடிக்கிறதுக்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைச்சுடுங்க. கூரை மரத்தோடு ஓடுற வயர் குழாய்க்குள் இல்லாமல் திறந்து இருந்தால் முதலில் அதைக் குழாய்க்குள் போட வைக்கணும். ஃபாயில் உலோகம், ஒரு ஸ்டேப்பிள் வயரைக் குத்தினால் மொத்தக் கூரையும் கரண்ட் ஆகும்.

வயர்மேன்_ஹட்டன்

கடைசி வரியை யாரும் லேசாக எடுக்காதீங்க. வேலை முடிஞ்சதும் மெயினைப் போடுறதுக்கு முன்னால் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு, இன்சுலேஷன் மீட்டரால் லைனுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பார்க்கச் சொல்லுங்க. ஃபாயிலையும் ஒரு வயரால் எர்த்தோடு சேர்த்து வைச்சால், ஸ்டேப்பிள் எங்கேயாவது குத்தியிருந்தாலும் ட்ரிப் சுவிட்ச் உடனே விழும்.